சொன்னபடி கேட்டது

2004ஆம் ஆண்டு மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்குப் புதிதாகக் கணினி வந்தது. ரியாக்டரில் சூடு அளவை மீறினால், யாரையும் கேட்காமல் அதுவே அமிலம் போகும் வால்வை மூடிவிடும்.

“நாம சொல்றத அது கேக்குமா, இல்ல அது சொல்றத நாம கேக்கணுமா?” என்று கேண்டீனில் கிண்டல் ஓடியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த கமாலுதீனுக்கும் அதன்மேல் கடுப்புதான். ஒருமுறை மூடினால் மறுபடி ஓடவிட ஒரு மணி நேரமாகும். போன வாரம்கூட ஒன்றுமில்லாததற்கு மூடித் தொலைத்தது.

அந்த வியாழக்கிழமை மதியத்துக்குள் இரண்டு தடவை மூடியது. மூன்றாம் தடவையும் எச்சரிக்கை மணியோடு மூடியதும், “இதே பேஜாரா பூட்ச்சு” என்று சொல்லிக்கொண்டே தடையை விலக்கி வால்வை உடனே திறக்கும் சாவியைத் திருகினான். நிச்சயமா என்று திரை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினான். மணி அடங்கியது.

பத்தாவது நிமிடம் கீழே அமிலக் குழாயின் இணைப்பு சூடு தாங்காமல் பிய்த்துக்கொண்டது. அங்கே போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தவன் ஜெயவேல். பன்னிரண்டு வருஷமாக ஒரே பஸ்ஸில் வேலைக்கு வந்த தோஸ்து. அமிலப் புகை அவன் முகத்தில் அடித்தது.

ஆம்புலன்ஸ் போனதும் கமாலுதீன் மேலே ஓடினான். அவன் கொடுத்த உத்தரவை, நேரத்தோடு, பிரிண்டர் அச்சடித்து வைத்திருந்தது. அதைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். விபத்து நடந்ததும் மின்சாரத்தைத் துண்டித்ததில் கணினியின் நினைவிலும் எதுவும் மிஞ்சவில்லை.

“வால்வு அதுவா தெறந்துகிச்சு சார். நான் எதையும் தொடல” என்று விசாரணையில் கையெழுத்துப் போட்டான்.

எல்லோரும் நம்பினார்கள். அதுதான் வினையாகிவிட்டது. தன்னிஷ்டத்துக்கு ஆடும் எந்திரத்தை வைத்துக்கொள்ள முடியாது என்று, நான்கு ரியாக்டர்களிலும் தானாக மூடும் ஏற்பாட்டையே நிர்வாகம் கழற்றச் சொன்னது. குழாய்களுக்கு அடியில் தினமும் நாற்பது பேர் வேலை செய்தார்கள். தொழுகையில் நெற்றி தரையில் படும்போதெல்லாம் அந்தக் காகிதம்தான் கமாலுதீனின் கண்ணில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடிக்குப் போனான். ஜெயவேல் இரண்டு கண்ணிலும் கட்டோடு சுவரில் சாய்ந்திருந்தான். அவன் மனைவி கார்குழலி டீ கொண்டுவந்தாள்.

“அந்த மிஷினு மனுசன் பேச்ச கேக்காதாமே, மாமு? மெய்யா?” என்றான் ஜெயவேல்.

கமாலுதீன் டம்ளரைக் கீழே வைத்தான். “கேட்டுச்சு ஜெயவேலு. அது வேணாம் வேணாம்னுச்சு. நான்தான் சும்மா கெடன்னு சொன்னேன். சொன்னபடி கேட்டுச்சு.”

ஜெயவேல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

“இத்த இங்க வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது?” என்றாள் கார்குழலி. “எங்க பொய் சொன்னியோ அங்க போயி சொல்லு. என் தம்பியும் அங்கதான் வேலை செஞ்சுகினு கீறான்.”

மறுநாள் காலை நிர்வாகத்திடம் உண்மையை எழுதிக் கொடுத்தான். வேலை போனது, போலீஸ் வழக்கும் வந்தது. ஒரே வாரத்தில் கழற்றியதை மறுபடி மாட்டினார்கள். அவன் ராயபுரத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றில் பெட்டி தூக்கப் போனான். மனம் லேசாகும் என்று நினைத்திருந்தான். ஆகவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கார்குழலி ஆள் அனுப்பினாள். ஜெயவேலுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

“பாவத்த கழிச்சிக்கலாம்னு நெனச்சிக்காத” என்றாள் வாசலிலேயே. “எனக்கு லீவு இல்ல. அதான் கூப்ட்டேன்.”

படியிறங்கும்போது ஜெயவேல் கையை நீட்டித் தடவி, கமாலுதீனின் தோளைப் பிடித்துக்கொண்டான். பஸ் நிறுத்தம் வரை கமாலுதீன் ஒவ்வொரு பள்ளமாகச் சொல்லிக்கொண்டே நடந்தான்.