மாப்பிள்ளை, கேட்டைச் சாத்துங்க!

என் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் காலேஜ் கால்பந்து டீமில் கோல்கீப்பர். இரண்டு முழங்காலும் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். அவர் நின்றால் நடுவில் ஒரு பூனை தாராளமாகப் போய்வரலாம். இறுதி ஆட்டத்தில் அந்த வழியாகத்தான் எதிரணியில் ஆடிய என் அண்ணன் பந்தை உருட்டி கோல் போட்டான். அதற்கப்புறம்தான் எங்கள் கல்யாணம். ஆனாலும் நாலு பேர் கூடினால் எங்கள் வீட்டில் கல்யாணக் கதை வராது, கோல் கதைதான் வரும். "மாப்பிள்ளை, கேட்டைச் சாத்துங்க!" என்று அண்ணன் ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வளைந்த முழங்கால்கள் தேய்ந்துபோய், போன மாதம் இரண்டையும் ஆபரேஷன் செய்து மாற்றினார்கள். கால்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகிவிட்டன. டாக்டர் முழங்காலைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்து, "கொஞ்சம்கூட ஆடல, நல்ல உறுதி" என்றார். உறுதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இவர்தான் மடக்கவே மாட்டேன் என்கிறாரே! மடக்கினால் உள்ளே பொருத்தியது பிய்த்துக்கொண்டு வந்துவிடுமாம். "அடுத்த வாரமும் இப்படியே இருந்தா, மறுபடி மயக்க மருந்து குடுத்து நாங்களே மடக்கி விடணும்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான். திரும்பவும் அந்த ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார என்னால் ஆகாது.

இன்றைக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி அறைக்கே வந்துவிட்டான் அண்ணன். இவர் இரண்டு கம்பிகளுக்கு நடுவே, கம்பியைப் பிடித்தபடி விறைத்து நின்றிருந்தார். முழங்கால்களுக்கு இடையே வைத்து அழுத்தும் ஸ்பாஞ்சுப் பந்து ஒன்று தரையில் கிடந்தது. அதைப் பார்த்ததும் அண்ணனுக்குக் கால் சும்மா இருக்குமா?

"மாப்பிள்ளை, கேட்டைச் சாத்துங்க!"

"சார், வேணாம்!" என்று பிசியோதெரபிப் பெண் கத்துவதற்குள் உருட்டிவிட்டான். பந்து நேரே கால்களின் நடுவுக்கு வந்தது. வந்து, டப்பென்று முட்டி நின்றது.

இவர் குனிந்து பந்தைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"போகல... மச்சான், உள்ள போகல!"

அவர் சிரித்த சிரிப்பில் கம்பியே ஆடியது. சிரித்துக்கொண்டே வலது காலைப் பின்னால் இழுத்து, விட்டார் ஒரு உதை. பந்து பாய்ந்து போய் அண்ணனின் இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து சுவரில் மோதியது. வயது அவன் முழங்கால்களையும் வளைத்து வைத்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"கோல்!" என்று கத்தியது நான்தான். கூடப் பிறந்தவன் என்றுகூடப் பார்க்கவில்லை.

"சார், இப்ப காலை மடக்கினீங்க!" என்றாள் அந்தப் பெண்.

"நானா?"

"பின்ன நானா? இருங்க, அளந்துக்கறேன். அப்படியே இன்னொரு தடவை மடக்குங்க."

மடக்கினார். வலித்தது, முகம் கோணியது, ஆனால் எதுவும் பிய்த்துக்கொண்டு வரவில்லை. "இனிமே மயக்க மருந்தெல்லாம் வேணாம்மா" என்று அவள் சொன்னதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இவரோ சுவரோரம் கிடந்த பந்தைக் கேட்டு அடம்பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அண்ணன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல என் பக்கத்தில் வந்தான்.

"ஏம்மா, உங்க டாக்டர் எந்த ரூம்ல இருக்காரு?"