காப்பு கட்டிய மாதம்

ஸ்வாதிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். அன்று காலை, மாமல்லபுரம் பக்கத்துக் கடலோர ஆய்வுக் கொட்டகையில், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்ததும் காது வரைக்கும் சிவந்துவிட்டது. மடவை மீனின் காதுக்குள் ஒரு சின்னக் கல் இருக்கிறது. மரத்தைப் போல அதுவும் வளையம் வளையமாக வளரும். தண்ணீர் ஒன்றாகவே இருந்து, தின்கிற தீனி மட்டும் மாறினால் அந்தக் கல்லின் வேதியியலில் என்ன மாறும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரு தொட்டிக்கு மீன்தூள், இன்னொன்றுக்கு சோயா. இரண்டு வருடமாக வேறு நினைப்பே இல்லை. இப்போது மீன்தூள் தொட்டியின் கற்கள் எல்லாவற்றிலும், ஆடி மாத வளையங்களில் மட்டும், சோயாவின் அடையாளம்.

தீனி போடுகிற கன்னியம்மாவைக் கூப்பிட்டாள். கன்னியம்மா திருப்போரூர் பக்கத்துக்காரி. புரட்டாசியில்தான் மகள் காயத்ரியைப் பறிகொடுத்தாள், கிட்னி போய்விட்டது. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியவளைத் திட்ட வேண்டியிருக்கிறதே என்று ஸ்வாதிக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"ஆடியில இந்தத் தொட்டிக்கு என்னக்கா போட்டீங்க?"

கன்னியம்மா மறைக்கவில்லை. "சோயாதாம்மா. பொண்ணு பொழைக்கணும்னு முருகனுக்குக் காவடி வேண்டிகினு காப்பு கட்டிகினேன். கவுச்சிய கையாலயும் தொடக்கூடாது, கரண்டியாலயும் அள்ளக்கூடாது. மீனுங்கள பட்டினி போடவும் மனசு வர்ல. சொன்னா வேற ஆள வச்சிடுவீங்கன்னு பயம்."

"என் தீசிஸே போச்சுக்கா! சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேனே."

கன்னியம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் சோயா போட்டது இதுல தெரியுதா?"

"தெரியுதே. அதான் பிரச்சனை."

"அந்த மாசம் பூரா கவுச்சி கலக்கவேயில்லன்னு தெரியுதா?"

ஸ்வாதிக்குப் புரியவில்லை.

"என் நாத்தனாரு ஊரெல்லாம் சொல்லிகினு கீறாம்மா. வெரதத்துல இவ மீனுத்தூள தொட்டுட்டா, அதான் சாமி பொண்ண எடுத்துகிச்சின்னு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் அலைஞ்ச அலைச்சல்ல, ஒருநாள் மாத்திப் போட்டுட்டேனோ இன்னாவோன்னு."

ஸ்வாதி நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தாள். பாழாய்ப் போனது என்று சற்று முன்னால் நினைத்த அந்த வளையங்களைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கல்லாகக் காட்டினாள். ஒருநாள் தவறையெல்லாம் கல் காட்டிக்கொடுக்காது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"சுத்தமா இருக்குக்கா. ஒருநாள்கூடத் தப்பல."

கன்னியம்மா வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் தெளியும் என்று ஸ்வாதி காத்திருந்தாள்.

"அப்ப நான் ஒரு தப்பும் பண்ல."

"இல்லக்கா."

"அப்புறம் ஏம்மா எடுத்துகிச்சு?"

ஸ்வாதிக்கு அழுகை வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தீனி நேரமாகிவிட்டது. கன்னியம்மா எழுந்து போய் மீன்தூள் டிரம்மைத் திறந்தாள். கரண்டியை எடுக்காமல், ஆடி முழுக்கக் கவுச்சி தொடாத அந்த வெறுங்கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டாள். விட்ட கையை வெளியே எடுக்கவில்லை. தொட்டி ஓரத்தில் மடவைகள் ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு, தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்து திறந்து மூடின.