வேண்டுமென்றே, பதினொரு நிமிடம்

16 செப்டம்பர் 2025, செவ்வாய். படப்பை, மாலை ஆங்கில வகுப்பு, 6.40.

...ஆக, பிழை என்னுடையதுதான், அதை முதலில் எழுதிவிடுகிறேன், கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 'டெலிபரேட்லி' என்ற சொல்லுக்கு என் நோட்டில் ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது: நிதானமாக, யோசித்து. ரத்னா மிஸ் அதை நடத்திய அன்று எனக்குக் கம்பெனியில் ஓவர்டைம், வகுப்புக்கு வரவில்லை, என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் சந்தனமாரியின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன், அவள் பக்கத்தின் கடைசி வரியில் 'வேண்டுமென்றே' என்று எழுதி, இடம் போதாமல் மீதிப் பொருளை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதியிருக்கிறாள், நான் அடுத்த பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு பிராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முத்திரை குத்துகிறவள் ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. இப்போது மிஸ் பத்து வாக்கியம் எழுதச் சொல்லியிருக்கிறார், எல்லோரும் குனிந்து எழுதுகிறார்கள், கீழே ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரன் ஒரகடம் ஒரகடம் என்று கத்துகிறான், நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், பேனா தாளைக் கிழிக்கிறது.

நேற்று கம்பெனிக்குக் கொடுத்த விளக்கக் கடிதத்தில் அந்தச் சொல்லைத்தான் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று படிவத்தில் போட்டிருந்தது, யாரையாவது எழுதித் தரச் சொல்லியிருக்கலாம், எனக்கு ஒரு திமிர், ஏழு மாதமாக வகுப்புக்குப் போகிறேனே என்று. சனிக்கிழமை காலை லைனில் நான் டெலிபரேட்லி எமர்ஜென்ஸி பட்டனை அமுக்கினேன். பதறிப்போய் அமுக்கவில்லை, யோசித்து அமுக்கினேன், எனக்கு அதற்கு அதுதான் அர்த்தம். இன்று மதியம் எச்.ஆர். மணிகண்டபிரபு சார் கூப்பிட்டு அனுப்பினார், கடிதத்தில் அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். கோவில்பட்டிக்காரர், நான் சங்கரன்கோவில் என்று தெரிந்த நாளிலிருந்து நம்மூர்ப் பிள்ளை, நம்மூர்ப் பிள்ளை என்பார். "நீயே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்திருக்கியே தாயி, வேணும்னே லைன நிறுத்துனேன்னு. இத மேல அனுப்புனா உன் ட்ரெய்னி கான்ட்ராக்ட் அன்னிக்கே முடிஞ்சிரும், பாத்துக்க." அப்போதுதான் எனக்கு அந்த இன்னொரு பொருள் தெரியும். முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவர் வெள்ளைத்தாள் ஒன்றை நகர்த்தி வைத்தார். "நம்மூர்ப் பிள்ளைன்னுதான் சொல்லுதேன். அந்த வார்த்தைய எடுத்துட்டு பை மிஸ்டேக்னு போடு. கை தெரியாமப் பட்டுட்டு, அம்புட்டுதான். ஒரு வார்னிங்கோட முடிச்சிருவோம்." சார், கதவு திறந்திருந்தது சார் என்றேன். "ஒண்ணுமே நடக்கலையே? பொறவு எதுக்கு அமுக்குன?"

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் என்மேல் குற்றம். ஒரு விரல் போயிருந்தால் எனக்கு சாட்சி இருந்திருக்கும். இதை எப்படி அவரிடம் சொல்வது, எந்த மொழியில் சொல்வது? பிரஸ் மெஷினுக்குக் கதவு உண்டு, மூடினால்தான் ஓட வேண்டும், திறந்தால் நிற்க வேண்டும், அதற்கு ஒரு சென்சார். ஒவ்வொரு தடவையும் மூடித் திறந்தால் நேரம் போகிறது என்று சென்சார்மேல் ஒரு காந்தத்தை ஒட்டிவைத்திருந்தார்கள், மூன்று வாரமாக, கதவு திறந்தே கிடந்தாலும் மெஷின் மூடியிருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். சனிக்கிழமை ஒரு பீஸ் உள்ளே சிக்கியது, மெஷினில் நிற்கிற ஜாஸ்மின் அதை எடுக்கக் கையை விட்டாள், நான் அமுக்கினேன். பதினொரு நிமிடம் லைன் நின்றது. மணிகண்டபிரபு சாரின் மேசையில் சூப்பர்வைசர் டில்லிபாபுவின் ரிப்போர்ட்டும் இருந்தது, என் பக்கம் தலைகீழாக, எனக்குத் தலைகீழாக வாசிக்க வரும், லைனுக்கு எதிர்ப்பக்கம் நின்று லேபிள் பார்க்கிற வேலை எனக்கு. காந்தம் என்ற சொல் இருந்தது, அதற்குப் பக்கத்தில் நீளமாக ஒரு சொல், எழுத்தெழுத்தாக மனதில் வாங்கிக்கொண்டு வந்து இங்கே அகராதியில் பார்த்தேன். இன்அட்வர்டன்ட்லி. கவனமின்றி, தெரியாமல். காந்தம் தெரியாமல் ஒட்டிக்கொண்டதாம்! மூன்று வாரம், மூன்று ஷிப்டு, ஏணி போட்டு ஏறினால்தான் எட்டுகிற இடத்தில், தெரியாமல். அவர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது, அதில் யாரும் இல்லை, கை இல்லை, ஏணி இல்லை. எனக்கும் அதே மாதிரி ஒன்று தருகிறார்கள், வாங்கிக்கொள் என்று.

டில்லிபாபுவின் வாயில் நாள் முழுக்க இருக்கிற சொல் எது? வேணும்னே. தண்ணீர் குடிக்கப் போனால் வேணும்னே, இருமினால் வேணும்னே. சனிக்கிழமையும் ஒன்பதே முக்காலுக்கு பாத்ரூம் போகக் கேட்டேன். "இன்னா திருநெல்வேலி, லைன் ஸ்பீடு ஏறுனா மட்டும் உனக்கு வருது? வேணும்னே இழுத்துகினு கீற நீ." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊர் தென்காசி மாவட்டம் என்றுகூட நான் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் தமிழில் அந்தச் சொல் கெட்டதற்கு மட்டும்தான் வருகிறது, வேண்டுமென்றே காலை மிதித்தான், வேண்டுமென்றே தாமதித்தாள், யாராவது வேண்டுமென்றே காப்பாற்றினாள் என்று எழுதுவார்களா? எழுதினால் மிஸ் கோடு போட்டு அடித்துவிடுவார். நல்லதெல்லாம் தானாக நடந்துவிடும் போல. ஆனால் அதில் இருப்பது வேண்டும் என்பதுதானே, வல்லக்கோட்டை முருகன் முன்னால் போய் நின்று சந்தனமாரி வேண்டிக்கொண்டதும் அதே வேண்டும்தான், டிசம்பரில் ரெண்டு பேருக்கும் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று. அவள் மதியம் கேன்டீனில் சொன்னாள், "ஏட்டி, மிஸ்டேக்னு எழுதிக் குடுத்துட்டு சோலியப் பாரு. ஒரு வார்த்தைக்காவ வேலைய விட்டுருவியோ?" ஜாஸ்மின் எதிரில் உட்கார்ந்து பத்து விரலையும் தட்டுக்கு மேலே விரித்துக் காட்டினாள். "நல்லா எண்ணிக்கோ, பத்தும் கீது. மோதிரம் போட வர்றவன் ஏமாற மாட்டான்." சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. "உன் கால்ல வேணா வுழறேன் கனகு, நான் உள்ள கை வுட்டத மட்டும் எழுதிடாத. என்னத்தான் மொதல்ல வூட்டுக்கு அனுப்புவானுங்க."

எழுதவில்லையே, நேற்றும் எழுதவில்லை, அதனால்தான் என் கடிதத்தில் காரணமே இல்லாமல் அந்தச் சொல் மட்டும் தனியாக நிற்கிறது, தெருவில் விட்ட பிள்ளை மாதிரி. சரி, பை மிஸ்டேக் என்றே எழுதிக் கொடுத்தால்? அப்புறம் காந்தம் தெரியாமல் ஒட்டியது, என் கை தெரியாமல் பட்டது, இரண்டும் சரிக்குச் சரி, நாளை மறுநாள் மறுபடி தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். அதுவரைக்கும் எனக்குத் தெளிவாக இருக்கிறது. கோபமும் தெளிவாக இருக்கிறது. தெளிவில்லாதது ஒன்றுதான், அதை மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன், எழுதாமல். ஜாஸ்மினின் கை முழங்கைவரை உள்ளே போனது. பட்டன் எனக்கு ஒரு சாண் தூரத்தில். அந்த இடைவெளியில் நான் திரும்பினேன், டில்லிபாபுவைப் பார்த்தேன். போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதற்குத் திரும்பினேன்? அவர் நிறுத்துவார் என்றா? அல்லது, இன்று நீ மாட்டினாய் என்று அவருக்குக் காட்டவா? வயிறு அப்போதும் வலித்துக்கொண்டிருந்தது, பாத்ரூம் போகவிடாத வலி, அதுவும் என் விரலில் இருந்திருக்கும். ஒரு விநாடி இருக்குமா? பிரஸ் இறங்க எடுக்கும் நேரம் இரண்டு. பாதி நேரத்தை நான் அவர் முகத்துக்குக் கொடுத்தேன், ஜாஸ்மினின் கை உள்ளே இருக்கும்போது. இதற்கு எந்தப் பக்கத்துப் பொருள் சரி, முந்தின பக்கமா, அடுத்த பக்கமா? இரண்டுமே ஒரே சொல்லில் ஏன் இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது, தெரிவது பிடிக்கவில்லை. மிஸ் நோட்டை மூடச் சொல்கிறார்.

நாளை: காலை பத்து மணி, எச்.ஆர். அறை. வெள்ளைத்தாளில் புதுக் கடிதம், நான்கு வரி. காந்தம் இருந்தது. கதவு திறந்திருந்தது. மெஷின் ஓடியது. நான் அமுக்கினேன். யார் கை என்று எழுத வேண்டாம். டெலிபரேட்லியின் கடைசியில் 'டி'க்கும் 'எல்'லுக்கும் நடுவில் ஒரு 'ஈ' வரும், நேற்று விட்டிருக்கிறேன், நாளை சேர்த்து எழுத வேண்டும்.