பெட்டிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது

காட்டுத்தீயின் புகை ஆற்றை மூடி, ரப்பர் விலை சரிந்த அந்த வருஷத்தில்தான் தர்லான் முதலாளியின் வயிற்றுக்குள் மூன்று பூனைக்குட்டிகள் கத்த ஆரம்பித்தன. முதன்முதலில் கேட்டது வெள்ளிக்கிழமைத் தொழுகையில். பள்ளிவாசலுக்குள் பூனையைக் கொண்டுவந்தது யார் என்று இமாம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார். எல்லோரும் கைலியை உதறிப் பார்த்தோம். முன்வரிசையில் இருந்த முதலாளி மட்டும் இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாரித்தோ ஆற்றங்கரையில் அவர் வெட்டாத மரம் இல்லை. சதுப்புக் காட்டில் மரம் வெட்டப் போனவர்கள் அவருக்காகத் தட்டைத்தலைப் பூனைகளைப் பிடித்து வருவார்கள். வீட்டுப்பூனையைவிடச் சிறியவை, காது தாழ்ந்தவை, மீனைத் தவிர வேறெதையும் மதிக்காதவை. காட்டிலேயே கண்ணில் படுவது அபூர்வம். ஆற்றின்மேல் நின்ற அவர் வீட்டுப் பின்கட்டில் இரும்புமரக் கூண்டுகளும் தண்ணீர்த் தொட்டிகளும் வரிசையாக இருந்தன. வரும் விருந்தாளிகளிடம் அவற்றைக் காட்டிப் பீற்றிக்கொள்வார். ஆனால் ஒன்றும் குட்டி போடவில்லை. ஆணையும் பெண்ணையும் முதல் நாளே ஒரே கூண்டில் தள்ளுவார். ஆண் பெண்ணின் கழுத்தைக் கடித்துக் கொன்றுவிடும். காட்டிலிருந்து இன்னொன்று வரும். அதுவும் சாகும்.

ருஸ்மினா அவர் மனைவி சலாசியாவின் தங்கை. முதலாளியின் மரத்தெப்பம் அறுந்து கட்டைகள் உருண்டதில் அவள் புருஷன் நசுங்கிப் போனான். பிள்ளையில்லாத அவள் அக்காள் வீட்டுக்கு வந்து பூனைகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். வாய் நீளம், ஆனால் கூண்டருகே போனால் மூச்சுகூடக் கேட்காது. ஜோடியை அடுத்தடுத்த கூண்டில் வைத்து, நடுப்பலகையில் ஒரு துளை போட்டு, ஒன்று படுத்த வைக்கோலை மற்றதற்கு மாற்றி மாற்றி விரித்தாள். வாசனை பழகட்டும் என்று ஆறு மழைக்காலம் பொறுத்தாள். பிறகுதான் ஒருநாள் பலகையைத் தூக்கினாள். இந்தான் என்று அவள் பேர் வைத்திருந்த பெண்பூனை வைக்கோல் பெட்டிக்குள் மூன்று குட்டி ஈன்றது.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளை பிரசவம் பார்த்தவளுக்குச் சொந்தம். அரிசி, தேங்காய், வெல்லம், ஊசி, நூல் எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்து மீட்டால்தான் பெற்றவர்களுக்குத் திரும்பும். ருஸ்மினா நேராக முதலாளியிடம் போனாள்.

“அத்தான், தட்டு எங்க?”

“பூனைக்குப் பிரசவம் பாத்ததுக்குத் தட்டா? பேர் வைக்க ஆடும் வெட்டணுமா?” என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“சிரிங்க. மீட்கலேன்னா குட்டிங்க என்னோடதுதான். இன்னொண்ணும் கேட்டுக்குங்க. அதுங்களா வெளிய வர்ற வரைக்கும் பெட்டிக்குள்ள யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. தாய்க்கு மனசு கலங்கினா தின்னுடுவா.”

அந்த வாரமே தலைநகரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். மாவட்டத் தலைவர் பதவி யாருக்கு என்பது அவர் கையில் இருந்தது. விரால் மீன் குழம்பும் ஓலையில் பொதிந்த கெதுபத்துச் சோறும் சாப்பிட்டு ஏப்பம் விட்டபின், ருஸ்மினா மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில், முதலாளி பெட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். விருந்தாளி ஒரு குட்டியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார். இந்தான் சீறவில்லை. முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ருஸ்மினா திரும்பியபோது பெட்டி துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. அவள் வைக்கோலைக் கடைசி வரை கிளறிப் பார்த்தாள்.

மறுநாள் முதலாளி சந்தைத் துறையில் நின்று, அவள் தாய்க்குத் தீனி போடாமல் பட்டினி போட்டாள், பசியில் அது குட்டிகளைத் தின்றது என்றார். “பிள்ளை பெறாதவ கையில குட்டியக் குடுத்தா வேற என்ன நடக்கும்?” என்றும் சொன்னார். ஊர் நம்பியது. பணக்காரன் சொன்னால் நம்புவதற்கு எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் படகு வந்தால் பெண்கள் கைக்குழந்தையை முந்தானையால் மூடினார்கள். முதலாளியும் அவளைத் துரத்திவிட்டார். அவர் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு மிதவைக் குடிசையில் போய் உட்கார்ந்தாள். அன்றே இந்தான் கூண்டுக் கம்பைக் கடித்து அறுத்து, ஆற்றை நீந்தி அவளிடம் போய்ச் சேர்ந்தது. அடுத்து வந்த வெள்ளிக்கிழமைதான் வயிற்றில் சத்தம் கேட்டது.

பஞ்சார்மாசின் நகரத்து டாக்டர் வயிற்றில் காது வைத்துக் கேட்டார். மூன்றும் நலமாக இருப்பதாகவும், ஆனால் எக்ஸ்ரே படத்தில் எதுவும் தெரியவில்லை என்றும் சொன்னார். மாவட்டத் தலைவர் பதவிக்காக முதலாளி மேடையேறி “சகோதரர்களே” என்றால் வயிறு மியாவ் என்றது. கூட்டத்திலிருந்து கருவாடு பறந்து வந்தது. பதவி வேறொருவருக்குப் போனது. உயிர்மீன் விழுங்கினால்தான் சத்தம் கொஞ்சம் அடங்கும் என்பதால் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தே வருஷங்கள் கழிந்தன. குட்டிகள் வளரவும் இல்லை, ஓயவும் இல்லை. போதாததற்கு, பூனைகளுக்குத் தீனி போடும்போது தட்டுவதுபோல ருஸ்மினா தன் மிதவையிலிருந்து தினமும் மீன்வாளியைக் கரண்டியால் தட்டுவாள். அக்கரையில் முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுவார். அவள் ஒருநாளும் மறந்ததில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

கடைசியில் வேலைக்காரனிடம் தட்டைக் கொடுத்தனுப்பினார். ருஸ்மினா திருப்பி அனுப்பினாள். தட்டு அவர் கையால், சந்தைத் துறையில், ஊரார் முன்னால் வரவேண்டும் என்றாள். வந்தார். தட்டை அவள் முன்னால் நீட்டினார்.

“எப்படியோ நடந்துபோச்சு, ருஸ்மினா. வாங்கிக்க.”

“எப்படியோன்னா எப்படி அத்தான்? காதுல விழல. படகுக்காரங்களுக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க.”

வயிறு அலறியது. “நான்தான் தொறந்தேன்,” என்றார். “பெட்டிய நான்தான் தொறந்தேன். இவ பட்டினி போடல. பொய் சொன்னேன்.”

நாங்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டோம். அவள் தட்டை வாங்கவில்லை. “நல்லது. இப்ப பிரசவத்தப் பாப்போம்,” என்று அவரை அவர் வீட்டுக்கே கூட்டிப்போய், பின்கட்டில் ஜன்னலில்லாத நெல்லறையில் புது வைக்கோல் விரித்து உள்ளே போகச் சொன்னாள். கதவை மூடினாள், தாழ்ப்பாள் போடவில்லை. கீழே ஒரு கையளவு இடைவெளி. இந்தான் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. ஊர் முழுக்க வரிசையில் நின்று தன்னைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதரை யாரும் பார்க்கக் கூடாது என்று உத்தரவாயிற்று.

மழை பிடித்ததும் அந்த இடைவெளி வழியாக மூன்று குட்டிகள், கண் திறந்து, தாமாக வெளியே வந்தன. இந்தான் ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்வி ஆற்றைக் கடந்து, காட்டில் விட்டு வந்தது. அவற்றுக்கு யாரும் தட்டு வைக்கவில்லை; ருஸ்மினாவும் கேட்கவில்லை.

ஆனால் இந்தான் காட்டில் தங்கவில்லை. நனைந்தபடி திரும்பி வந்து மறுபடியும் அந்தக் கதவின் குறுக்கே படுத்தது. ஒரு கெண்டையைக் கவ்விக் கொண்டுவந்து இடைவெளியில் வைத்தது. மீன் உள்ளே இழுபட்டது. உள்ளேயிருந்து ஒற்றை மியாவ் கேட்டது, மெல்லிய குரல்தான், கொஞ்சம் கரகரப்பு.

சலாசியா தாழ்ப்பாள் போடாத கதவில் கை வைத்தாள். “ருஸ்மினா, தொறக்கட்டுமா? குட்டிங்கதான் போயிடுச்சே.”

“வேணாம்க்கா. இன்னும் ஒண்ணு உள்ள இருக்குன்னு இந்தானுக்குத் தெரியும். தானா வரட்டும். நாம எட்டிப் பாத்தா தின்னுடுவா.”

சலாசியா கையை எடுத்துக்கொண்டாள். அது நடந்து ரப்பர் விலை இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டது. இப்போதும் அந்த வீட்டைக் கடக்கும்போது நாங்கள் துடுப்பை மெதுவாகப் போட்டு, முகத்தை அக்கரைப் பக்கம் திருப்பிக்கொள்கிறோம். ருஸ்மினாவிடம்தான் எல்லோரும் மீன் வாங்குகிறோம். நல்ல மீனாக ஒன்றை அவள் அந்தக் கதவுக்கென்று எடுத்து வைத்துவிடுவாள்.