வெள்ளையம்மாவின் கடைவாய்ப் பல்

1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில், சாஆ பட்டணத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்தில், வெள்ளையம்மா சீவிய முந்நூற்றுப் பத்து ரப்பர் மரங்களின் பாலும் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலேயே உறைந்து கட்டியானது. வாளியில் ஊற்ற ஒரு சொட்டுகூட இல்லை. மரத்திலிருந்து வடியும் பால் சில மணி நேரமாவது பாலாகவே இருக்கும். அதற்குள் ஸ்டோருக்குக் கொண்டுவந்து, வடிகட்டி, தொட்டியில் ஊற்றித் திராவகம் கலந்தால் உறைந்து பாளமாகும். பாளத்தை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தட்டையாக்கிப் புகையில் தொங்கவிடுவார்கள். வெள்ளையம்மாவின் பாலுக்குத் திராவகம் தேவைப்படவில்லை. மங்குகளை மூன்று முறை கழுவிப் பார்த்தாள். சீவ வேறு மர நிரை கேட்டு வாங்கினாள், அங்கும் உறைந்தது. தனக்குப் புரியாததையெல்லாம் திருட்டு என்றே நினைக்கும் கங்காணி சபாபதி, அவள் மங்கில் எலுமிச்சம்பழம் பிழிகிறாள் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நூறு பேர் முன்னால் சொன்னார். அந்தத் தோட்டத்தில் எலுமிச்சை மரமே கிடையாது.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் ஸ்டோரில் உருளை சுற்றும் ராஜம்மா. ஒரு வாளிப் பாலைத் தரையில் வைத்து, வெள்ளையம்மாவை ஒவ்வோர் அடியாகப் பின்னால் போகச் சொன்னாள். ஏழடிக்குள் நின்றால் அறுபது எண்ணுவதற்குள் பால் உறைந்தது. எட்டாவது அடியில் உறையவில்லை. இடது கன்னத்தைக் காட்டி நின்றால் இன்னும் சீக்கிரம். கிராம்பு கடித்துக்கொண்டால் தூரம் ஐந்தடியாகக் குறைந்தது. இடது பக்கம் கீழே, கடைவாய்ப் பல்லில்தான் வெள்ளையம்மாவுக்கு வலி. பல்லின் மேல்பாதி அரித்துப்போய், ஈறோடு ஈறாக வெறும் வட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. கன்னம் வீங்கி, வீக்கம் தாடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. போன வருஷம் அதே லயத்தில் ஐயாசாமிக்கு இப்படித்தான் வீங்கியது. பத்தாம் நாள் வீக்கம் தொண்டையை அடைத்து அவர் மூச்சு நின்றது. வெள்ளையம்மாவுக்கு அன்று ஆறாம் நாள்.

ஏழாம் நாள் தோட்டத்து மருந்து வீட்டுக்குப் போனாள். டிரெஸ்ஸர் கனகராஜ் சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா வைத்திருப்பவர்; மூன்றிலும் மை இருந்தது, வேறு மருந்து அங்கே அதிகம் இல்லை. "பேதி, காய்ச்சல், புண்ணு, பிரசவம். நாலுக்குத்தான் புத்தகத்துல கோடு போட்டுக் குடுத்திருக்காங்க. பல்லை எதுல எழுதுறது, நீயே சொல்லு?" என்றார். "புண்ணுல எழுதுங்க ஐயா." "புண்ணுன்னா வெளியில தெரியணும்மா." விளக்கெண்ணெய் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் அவள் பெயரைப் பேதியில் நிம்மதியாக எழுதிக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வேண்டுமென்றால் துரை கையெழுத்துப் போட வேண்டும். துரை சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் மாட்டுவண்டியில் பட்டணத்துக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டியில் பல்வரிசை வைத்திருந்த சீனர், அவள் வாய் இரண்டு விரல் அளவே திறப்பதைப் பார்த்துவிட்டு, குறடு நுழையாது, நுழைந்தாலும் பிடிக்க இடமில்லை, "தா பொலே லா", முடியாது என்று மலாயில் சொல்லிக் கையை விரித்தார். வந்ததுதான் வந்தாள், முன்பல்லுக்குத் தங்கம் கட்டிக்கொள்ளட்டும் என்று சைகையில் யோசனையும் சொன்னார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், வரவே கூடாது என்று கங்காணி தடுத்திருந்த ஸ்டோருக்குள் அவள் நுழைந்தாள். "அலமாக்! அங்கேயே நில்லுடி, அத்தனை தொட்டியும் கட்டியாயிரும்!" என்று ராஜம்மா கத்தினாள். வெள்ளையம்மாவுக்கு வீக்கத்தில் வாய் அசையவில்லை. பால் தொட்டியைக் காட்டினாள், வாயைக் காட்டினாள், உருளையைக் காட்டினாள். ராஜம்மா அவள் விரல் போன வழியே பார்த்தாள். "அடிப்பாவி," என்றாள், "புரிஞ்சிருச்சு."

குறடு நுழையாத வாயில் பால் நுழையும். பல்லின் ஓட்டைக்குள்ளும் ஈறின் இடுக்குக்குள்ளும் இறங்கும். அங்கேயே உறைந்தால், குறடு பிடிக்காத இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வெள்ளையம்மா முந்தானையால் தன் நெற்றியைத் தூணோடு கட்டிக்கொண்டாள். ராஜம்மா குவளையோடு ஓடிவந்து பாலை வாயில் சாய்த்தாள். வாய்க்குள் அது பத்து எண்ணுவதற்குள் உறைந்தது. உதட்டில் வழிந்த பால் முழ நீளத்துக்கு வாலாகத் தொங்கியது. வாலின் நுனியை உருளைக்குள் கொடுத்து ராஜம்மா மெதுவாகச் சுற்றினாள். வேகமாகச் சுற்றினால் ரப்பர் அறும். மெதுவாகச் சுற்றினால் நீளும், நீண்ட ரப்பர் சலிக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். வால் மூன்று முழமானதும் கைப்பிடியில் ஆப்பு வைத்து நிறுத்திவிட்டு ராஜம்மா வெற்றிலை போட்டாள். வெற்றிலை சிவப்பதற்குள் இரண்டு வேரோடு பல் வந்து உருளையில் மோதியது. சீழும் ரத்தமுமாகத் துப்பிவிட்டு வெள்ளையம்மா பேசிய முதல் பேச்சு கனகராஜின் தாயாரைப் பற்றியது.

அன்று ஸ்டோரில் பதினெட்டுத் தொட்டிகள் திராவகம் இல்லாமலே உறைந்தன. துரை திரும்பி வந்து, திராவகம் மிச்சமானதைத் தன் சாமர்த்தியமாக மேலிடத்துக்கு எழுதினார். மறுவருஷம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். கெட்ட பல் எவர் வாயில் இருந்தாலும் பால் உறையும் என்பது தெரிந்துபோனது. எத்தனை அடியில் உறைகிறது என்பதை வைத்து ராஜம்மா அவசரத்தைக் கணக்கிட்டு, ஆறடிக்கு மேற்பட்டவர்களை முதலில் உட்கார வைத்தாள். 1934 வரை இருநூற்றுச் சொச்சம் பற்கள் வந்தன. ஒருவரும் சாகவில்லை. முறை இதுதான்: நெற்றியைத் தூணில் கட்டவும், ஒரு குவளைப் பாலை வாயில் ஊற்றிப் பத்து எண்ணவும், வாலை உருளையில் கொடுத்து மூன்று முழம் நீளும்வரை மெதுவாகச் சுற்றவும், ஆப்பு வைத்துவிட்டுக் காத்திருக்கவும். பல் வந்துவிடும்.