டார்ஜிலிங் போகும் நாலு மணி வேன்

எங்கள் தோட்டத்திலிருந்து தினமும் மாலை நாலு மணிக்கு டார்ஜிலிங்குக்கு ஒரு வேன் கிளம்பும். டிரைவர் நான். பெயர் பெர்னதெத். வயது அறுபத்தாறு, கண் ஆபரேஷன் செய்த பிறகு ஐம்பத்தாறு. பக்கத்து பகாவ் டவுன் பள்ளிக்கூடங்களுக்கு முப்பத்தொரு வருடம் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள். இன்றைக்கு இந்த மலாய் நாட்டில் டாக்டர், வக்கீல் என்று இருப்பவர்களில் பாதிப் பேர் என் வேனில் வாந்தி எடுத்தவர்கள்தாம். வாந்தி எடுக்காதவர்கள் அரசியலுக்குப் போய்விட்டார்கள்.

பள்ளி ஓட்டத்தை நிறுத்திய மறுநாள் நாலு மணிக்கு எனக்குக் கை அரித்தது. சாவியையும் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போய் வேனில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு முத்தாயி அக்கா எட்டிப் பார்த்து, "எங்கடி கிளம்பிட்ட?" என்றாள்.

"டார்ஜிலிங்" என்றேன், வாயில் வந்ததை.

"நில்லு, கொவளையை எடுத்துட்டு வர்றேன்."

வந்து ஏறினாள். பிளாஸ்க்கிலிருந்த தேநீரை, எங்கள் பேச்சில் தே, இரண்டு பேரும் குடித்தோம். வேன் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் ஐந்து மணிக்கு இறங்கும்போது முத்தாயி அக்கா, "அங்கெல்லாம் கொஞ்சம் குளிருதுலா" என்றாள். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இவள்தான் எனக்கேற்ற பயணி.

மூன்றாம் நாள் ராமசாமி அண்ணன் சேர்ந்துகொண்டார். ரப்பர் பால்மரக் காலத்தில் எங்கள் பிரிவுக்கு மண்டோர், ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி. பால்மரத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டு இருபது வருடம் ஓடிவிட்டது. அவர் மட்டும் இன்னும் விடியுமுன் எழுந்து வானத்தைப் பார்ப்பார். மழை என்றால் திரும்பப் படுத்துக்கொள்வார். மழையில் பட்டை நனைந்தால் பால் கோப்பைக்கு வராமல் மரமெல்லாம் வழிந்துவிடும், ஆகவே மழை நாளில் காலையில் ஆளெடுக்கும் பெரட்டு கிடையாது, வேலை கிடையாது. அவருக்கு இதுதான் வேதம். பைபிளில் இல்லாத குறைதான்.

இப்படி ஆறு வருடம். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஊர்களை எழுதி வேனுக்குள் ஒட்டியிருக்கிறேன்: டார்ஜிலிங், மூணார், நுவரெலியா, சீனாவில் ஹாங்சோ, ஜப்பானில் உஜி. தேயிலைக்குப் பேர்போன ஊர்கள். அன்றன்றைய ஊரின் வீடியோவைக் கைப்பேசியில் போட்டு ஸ்டீயரிங்கில் சாய்த்துவைப்பேன். டிக்கெட் ஆளுக்கு இரண்டு பிஸ்கட். நாங்கள் மூவரும் இதுவரை குடித்த தேயைத் திறந்துவிட்டால் செர்த்திங் ஆறு கரை உடையும். பகாவ் பசாருக்கு மீன்கள் தாமாகவே நடந்துவரும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூவரில் ஒருவரும் தேயிலைச் செடியைக் கண்ணால் பார்த்ததில்லை.

என் மகன் பிரெண்டன் செண்டாயானில் இருக்கிறான். நல்ல பிள்ளை, அதுதான் அவனிடம் உள்ள தொந்தரவு. போன வருடம் இருட்டு நேரத்தில் பகாவிலிருந்து திரும்பும்போது ஒரு சாக்கடை ரோட்டுக்கு நடுவில் வந்து என் வேனை மறித்துக்கொண்டது. எனக்கு ஒன்றுமில்லை. ஒரு செம்பனை மரத்துக்குத்தான் லேசான காயம். அன்றிலிருந்து அவனுக்கு வேன் என்றாலே ஆகாது.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, நாங்கள் நுவரெலியாவில் இருந்தபோது வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"மா, தெமியாங்ல ஒரு ஆளு காய்கறி ஏத்துறதுக்கு வேன் தேடுறாரு. சாவியக் குடுங்க."

"நாங்க இப்ப நுவரெலியாவுல இருக்கோம். கீழ இறங்குனதும் பேசிக்கலாம்."

"சீரியஸா பேசுறேன்மா. ஓட்டாத வேன் எதுக்கு? சும்மா உள்ள உக்காந்து தே குடிக்கிறதுக்கா?"

"ஆமா, வேற எதுக்கு?" என்றாள் முத்தாயி அக்கா.

"வீட்டுல நாற்காலி இல்லையா, பெரியம்மா?"

"நாற்காலி ஜப்பானுக்குப் போகுமாடா?"

அவன் அவளுடன் வாதாடவில்லை. என்னைத்தான் பார்த்தான். "ஒங்களால இனிமே தூரம் ஓட்ட முடியாதுமா. ஒத்துக்குங்க."

அந்தச் சொல்லில்தான் எனக்குச் சுர்ரென்றது. காலண்டரை எடுத்து, இருந்த ஐந்து ஊர்களுக்கும் மேலே கொட்டை எழுத்தில் 'கேமரன் மலை' என்று எழுதினேன். எங்கள் நாட்டுக்குள்ளேயே, வேன் நிஜமாகப் போகக்கூடிய தேயிலை ஊர் அது ஒன்றுதான்.

"சனிக்கிழமை போறோம். வெளிச்சம் வந்தப்புறம் கிளம்பி, வெளிச்சம் போறதுக்குள்ள திரும்பிருவேன். சாயங்காலம் ஏழு மணிக்கு வேன் இந்த எடத்துல நிக்கும். நின்னா, சாவியப் பத்தி நீ வாயத் தொறக்கக்கூடாது."

"நிக்கலன்னா?"

"நீயே எடுத்துக்கோ."

"அந்த மலையில இது ஏறாதுமா."

"முப்பத்தொரு வருஷம் இதுல புள்ளைங்க ஏறுச்சு. இது ஒரு மலையில ஏறாதா?"

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ராமசாமி அண்ணன் மண்டோர் தொப்பியோடு முன்சீட்டில். முத்தாயி அக்கா பின்சீட்டில், மடியில் பிளாஸ்க், கைப்பையில் இனிப்பான ஒரு டின் பால். சிரம்பானில் நெடுஞ்சாலையைப் பிடித்தேன். எல்லா வண்டிகளும் எங்களை முந்தின. மரியாதைக்காகத்தான் முந்தின என்று வைத்துக்கொண்டேன். தாப்பாவில் இறங்கி மலை ஏறத் தொடங்கியதும் வேன் இருமியது, தும்மியது, ஒரு வளைவில் ஜெபமே சொன்னது. ஏறிவிட்டது. பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, தேயிலைத் தோட்டத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே ரோட்டோரமாக நிறுத்தினேன்.

கணக்கு எளிது. ஒன்றரைக்குக் கிளம்பினால் ஏழுக்குள் வீடு. வேன் எனக்கு.

நிறுத்திய உடனே மழை பிடித்துக்கொண்டது. மழையோடு மஞ்சுமூட்டம். கண்ணாடிக்கு வெளியே யாரோ வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டியதுபோல இருந்தது.

"இறங்காதீங்க" என்றார் ராமசாமி அண்ணன், தொப்பியைச் சரிசெய்துகொண்டு. "மழை. இன்னிக்கு வேலை கிடையாது. ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. மழை விட்டு, மரம் காஞ்சு, அப்புறந்தான் கைய வைப்பாங்க."

எங்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. மூவருக்கும் கருவிலிருந்தே தெரிந்த விஷயம் அது. வேலை செய்யும் ஆட்களைப் பார்க்காமல் வெறும் செடியைப் பார்த்து என்ன பயன்? கதவை அடைத்துக்கொண்டு தே ஊற்றினோம். பொழுது போகவில்லை. கைப்பேசியில் டார்ஜிலிங் வீடியோவைப் போட்டேன். தேயிலை மலையில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து வேறொரு தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டிருந்த மகாபுத்திசாலிகள் உலகத்தில் நாங்கள் மூன்று பேர்தான்.

ஒன்றரை ஆயிற்று. சாவியில் கை வைத்தேன்.

"பாக்காமலே திரும்புறதா?" என்றாள் முத்தாயி அக்கா. எழுபத்தொரு வயதில் அவள் அப்படிக் கேட்டால் எந்த எஞ்சின் கிளம்பும்?

"பத்து நிமிஷம். விட்டுரும்" என்றார் அண்ணன்.

பத்து நிமிடம் இருபதாயிற்று, நாற்பதாயிற்று. ஒவ்வொரு முறையும் அவர் மேகத்தைப் பார்த்து, பழைய மண்டோர் குரலில், "இதோ வெளுக்குது" என்பார். வெளுத்தது எங்கள் முகம்தான். இரண்டேமுக்காலுக்கு யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். மழைக்கோட்டு போட்ட ஒரு வங்காளதேசத்துக்காரர். முதுகில் கூடை.

"ரோசாக் கா, மக்சிக்?" வண்டி பழுதா, ஆன்ட்டி என்று மலாயில் கேட்டார்.

பழுதில்லை, மழை விட்டு வேலை ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்கிறோம் என்றேன்.

அவர் திரும்பி நின்று கூடையைக் காட்டினார். விளிம்புவரை பச்சை இலை, நீர் சொட்டச் சொட்ட. காலையிலிருந்து முப்பது பேர் இந்த ரோட்டுக்கு மேலே உள்ள சரிவில்தான் பறித்துக்கொண்டிருக்கிறார்களாம். "ஹூஜான் பாகுஸ், மக்சிக்" என்று சிரித்தார். மழை நல்லது. கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும்.

ராமசாமி அண்ணன் மெல்லத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"யோவ் மண்டோரு! மூணு மணி நேரம் எங்களுக்கு மழை லீவு குடுத்துட்டியே!" என்றாள் முத்தாயி அக்கா. கதவைத் திறந்து, குடையும் இல்லாமல் இறங்கி நடந்துவிட்டாள்.

பின்னாலேயே ஓடினோம். பத்தடி ஏறியதும் மஞ்சுக்குள்ளிருந்து செடிகள் வந்தன. இடுப்புயரம். கோடு கோடாக மலை முழுக்க. அதற்கு நடுவில் மழைக்கோட்டுத் தலைகள் நகர்ந்துகொண்டிருந்தன. எனக்கு எதையும் கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. முத்தாயி அக்கா ஒரு துளிரைத் தடவிப் பார்த்தாள். அண்ணன் பழக்க தோஷத்தில் செடியின் அடியைக் குனிந்து பார்த்தார், எந்தப் பக்கம் பட்டை சீவுவது என்று. நான் ஓர் இலையைக் கடித்தேன். கசப்பு. ஆறு வருடமாகக் குடித்ததற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மேலே விருந்தினர்களுக்கான தேநீர்க் கடை இருந்தது. கண்ணாடிக் கெண்டியில், பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல், கொன்றைப்பூ நிறத்தில் எதையோ கொண்டுவந்து வைத்தாள் பரிமாறுகிற பெண்.

"இதுக்குப் பால் ஊத்தக்கூடாது ஆன்ட்டி. வாசனை போயிரும்" என்றாள்.

"போனா போகட்டும்மா, நான் பகாவ்லேருந்து வந்திருக்கேன்" என்று முத்தாயி அக்கா கைப்பையிலிருந்து டின் பாலை எடுத்தாள். வீட்டிலேயே இரண்டு ஓட்டை குத்தி, அதன்மேல் டேப் ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஊற்றிக் கலக்கி, ஒரு வாய் குடித்து, அந்தப் பெண்ணிடமே குவளையை நீட்டினாள். அவளும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குடித்தாள். "அடிக்கடி வாங்க ஆன்ட்டி" என்றாள்.

மணி மூன்றரை.

"இப்ப எடுத்தா எட்டரைக்குப் போயிரலாம்" என்றார் ராமசாமி அண்ணன். தவறு தன்னுடையது என்று அவருக்கு உறுத்தல். "நான் முழிச்சிருந்து ரோட்டப் பாத்துக்குறேன். பிரெண்டன் தம்பிகிட்ட வழியில ஜாம்னு சொல்லிருவோம். அவன் நம்புவான்."

நம்புவான். பொய் சொல்வதில் எனக்குள்ள பயிற்சிக்கு, நெடுஞ்சாலையில் யானைக் கல்யாண ஊர்வலம் போயிற்று என்று சொன்னால்கூட நம்புவான். ஆனால் கடைசி ஒரு மணி நேரம் இருட்டு. பின்சீட்டில் முத்தாயி அக்கா. என் வாய் எத்தனையோ கூட்டிச் சொல்லும். ஸ்டீயரிங்கில் வைத்த கை ஒன்றையும் கூட்டிச் சொல்லாது. அந்தச் சாக்கடை ரோட்டுக்கு நடுவில் வரவே இல்லை. இருட்டில் எனக்குத்தான் ரோடு தெரியவில்லை. அதுவரை யாரிடமும் சொல்லாத உண்மை அது.

பிரெண்டனுக்கு ஃபோன் போட்டேன்.

"நான் தோத்துட்டேன்டா. இருட்டிரும். இங்கயே தங்கிட்டு நாளைக்கு வர்றோம்."

"சாப்டீங்களா?" என்றான். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தபோது மணி நாலடிக்க ஐந்து நிமிடம். வேன் நிற்கும் இடத்தில் பிரெண்டன் நின்றிருந்தான். உள்ளே நுழைத்து, எஞ்சினை அணைத்து, இறங்கினேன். கையை நீட்டினான்.

"சாவி, மா."

"தரமாட்டேன்."

"தோத்துட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தோத்தேன். யாரு இல்லன்னா?"

"வாக்குக் குடுத்தீங்க."

"குடுத்தேன். இப்ப தவறுறேன். போய் ஃபாதர்கிட்ட வேணும்னா சொல்லு. நேத்து ராத்திரி ஓட்டிட்டு வந்து, ஜாம்னு ஒரு கதை விட்டிருந்தா நீ வாயத் தொறந்திருக்க முடியாது. ஓட்டக்கூடாதுன்னு நிறுத்துனேன், அதனால தோத்தேன். இருட்டுல எனக்கு ரோடு தெரியலடா. அன்னிக்கும் தெரியல. இனிமே வெளிச்சம் போனா இந்தச் சாவியத் தொடமாட்டேன். வெளிச்சம் இருக்குறவரைக்கும் நீ தொடக்கூடாது."

அவன் நீட்டிய கையை இறக்கினான். தெமியாங் ஆளுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டான். காய்கறியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனால் உடம்புக்கு நல்லது என்று சொல்லச் சொன்னேன்.

வேனுக்குள்ளிருந்து முத்தாயி அக்கா சத்தம் போட்டாள். அவளும் அண்ணனும் இறங்கவே இல்லை. "டிரைவரு! மணி நாலு! வேன் கிளம்புமா, கிளம்பாதா?"

"எங்க போறாங்க?" என்றான் பிரெண்டன்.

"டார்ஜிலிங். ஏறு. டிக்கெட் ரெண்டு பிஸ்கட்."

"அங்கெல்லாம் வேன் போகாதுமா."

"கேமரனுக்கும் ஏறாதுன்னுதான் சொன்ன."

கதவைத் திறந்தான். குனிந்து ஏறி, பள்ளிக்கூடம் போனபோது உட்கார்ந்த அதே கடைசி சீட்டில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தான். முத்தாயி அக்கா குவளையை நீட்டினாள். பாதியில் கேட்டான், "பெரியம்மா, இதுல எவ்வளவு டின் பால் ஊத்துனீங்க?" அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, இமயமலையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூரையில் பட் பட்டென்று மழை விழத் தொடங்கியது. பழக்கத்தில் ராமசாமி அண்ணன் கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்தார்.

"மழை. இன்னிக்கு வேலை..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். எல்லோரும் அவரையே பார்த்தோம். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேலை உண்டு. எடும்மா வண்டிய."

சாவியைத் திருகி வைப்பரைப் போட்டேன்.