பதினொன்று என்று சொன்ன இரண்டு மீட்டர்கள்

சாயப்பட்டறையில் மீட்டர், ஒயர் சமாச்சாரமெல்லாம் பார்த்துக்கொள்கிறவளுக்குக் குறடு என்று பட்டப்பெயர். பிடித்தால் விடமாட்டாள். மேனேஜர் போயும் போயும் அவளிடம் அப்படியொரு வேலையைச் சொல்லியிருக்க வேண்டாம்.

பட்டறையில் பாய்லர் இரண்டு, மீட்டர் இருபது. அத்தனையும் ஒரே ஜோடி ஒயரில் தொங்குகின்றன. கண்ட்ரோல் ரூமில் இருக்கிற பெட்டிக்கு மாஸ்டர் என்று பெயர், மீட்டர்களுக்கு ஸ்லேவ், அதாவது அடிமை. பெயர் வைத்தவன் நாசமாய்ப் போக! மாஸ்டர் ஓர் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். அந்த எண்ணுள்ள மீட்டர் மட்டும் பதில் சொல்லலாம். கூப்பிடாமல் ஒன்றும் மூச்சுவிடக் கூடாது, பாய்லரே வெடிக்கப்போனாலும். அதைவிடக் கூத்து, பதில் சொன்னது யாரென்று மாஸ்டருக்குத் தெரியவே தெரியாது. எண் சரியாக இருந்தால் நம்பிவிடும்.

இரண்டாம் பாய்லரின் அழுத்தத்தைச் சொல்கிற மீட்டருக்கு எண் பதினொன்று. ஒரு வாரமாக அது சிவப்புக் கோட்டுக்கு மேலேயே சொல்லிக்கொண்டிருந்தது. பாய்லரை நிறுத்தினால் பாதி உற்பத்தி போய்விடும். மறுநாளோ பாய்லர் இன்ஸ்பெக்டர் வருகிறார்.

"அந்த மீட்டர் பொய் சொல்லுதும்மா," என்றார் மேனேஜர். "அதோட ஒயரைக் கழட்டிடு. மொதல் பாய்லர்ல இன்னொரு மீட்டரை மாட்டி, பதினொண்ணுன்னு நம்பர் குடுத்துடு."

"நேத்துதான் சார் புது மீட்டர் வெச்சுப் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொல்லுது. நல்லா இருக்கிற பாய்லரை விட்டு, கெட்டுப்போனதுக்குச் சாட்சி சொல்லச் சொல்றீங்களா?"

"சொன்னதைச் செய்."

"முடியாது. அது பக்கத்துல நிக்கிறது என் புருஷன்."

மேனேஜர் வெளியாள் ஒருவரைக் கூட்டிவந்து காரியத்தை முடித்துக்கொண்டார். திரையில் பதினொன்று பச்சைப்பசேலென்று ஆனது. பாய்லரில் ஒரு மண்ணும் மாறவில்லை.

மதியம் கேன்டீனில் அவள் கணவன் குரலைத் தாழ்த்தினான். "விட்டுத் தொலையேன். ரெண்டு பேர் சம்பளமும் போயிடும்."

"நீ போயிட்டா?"

அவன் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தான். அவளுக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. பயந்த மனுஷன்தான். ஆனால் அந்தப் பயந்த மனுஷன்தான் அவளுக்கு வேண்டும்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "கேட்டாத் தவிர வாயைத் திறக்காதே," என்று மேனேஜர் அவள் காதைக் கடித்தார். அவள் தலையாட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு நேரே இரண்டாம் பாய்லருக்குப் போனாள்.

"வேணாம்டி," என்றான் கணவன்.

"கொஞ்சம் நகரு."

கழற்றிப் போட்டிருந்த இரண்டு ஒயரையும் பழைய மீட்டரில் மாட்டி முடுக்கினாள். இப்போது பதினொன்று என்று இரண்டு மீட்டர்கள். மாஸ்டர் கூப்பிட்டதும் இரண்டும் ஒரே நேரத்தில் பேச, ஒயரில் எல்லாம் கலந்து மாஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் திரும்பி வருவதற்குள் திரையில் பதினொன்று சிவந்திருந்தது. பதில் இல்லையாம்.

"இது என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒயர் லூசு சார். அடிக்கடி இப்படித்தான்," என்று மேனேஜர் சிரித்துவைத்தார்.

அவளை யாரும் கேட்கவில்லை. "லூசெல்லாம் இல்ல சார்," என்றாள். "பதினொண்ணுன்னு ரெண்டு மீட்டர் இருக்கு. ஒண்ணு நிஜம், இன்னொண்ணு இவர் வெச்சது. வாங்க, காட்டுறேன்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. இன்ஸ்பெக்டர் முதல் பாய்லருக்கு வந்தார், பார்த்தார், அந்தப் போலியைக் கழற்றச் சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பினார். சிவப்புக் கோட்டுக்கு வெகு மேலே நின்றது அழுத்தம்.

"நெருப்பை நிறுத்துங்க! எல்லாரும் வெளிய!"

முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. எரிபொருள் வால்வை மூடிவிட்டுக் கடைசி ஆளாக வந்தான் அவள் கணவன், வேர்த்துக் கொட்ட. அத்தனை பேர் முன்னாலும் மேனேஜர் எகிறினார்.

"இனிமே உனக்கு இங்க வேலை கெடையாது! உன் புருஷனுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்!"

அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலைதானே சார்? போகட்டும். ஆளு முழுசா இருக்காரு."